முந்தானையில் முடிந்த சாவி

செம்மநத்தத்துக்குப் போய் அற்புதத்தின் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பஸ் திரும்பும் இடத்தில் நின்றாலே கண்ணில் படும் நீலச் சுவர் வீடு. அஸ்திவாரக் கல்லில் பாதி அவள் தலையில் ஏறி வந்தது. கொத்தனார் கோணலாக எழுப்பிய சுவரை, "எங்கூட்டுச் சொவரு சாராயம் குடிக்காதுங்க, நேராவே நிக்கட்டும்" என்று பிரித்துக் கட்ட வைத்தவளும் அவள்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊரில் அப்படியொரு கனத்த கதவைப் போட அதற்குமேல் படித்தவர் எவருக்கும் தோன்றவில்லை.

கதவைச் சொன்னால் பூட்டைச் சொல்ல வேண்டும். பூட்டைச் சொன்னால் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அற்புதம் பிறந்தது, கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டில். அப்பா செத்து ஈரம் காயவில்லை, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து வாசலில் நின்று கையை நீட்டினார். வேலைக்கு ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. அதுதான் அங்கே சட்டம். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் காப்பிச் செடி ஓரத்தில் கிடந்தன. அதற்கப்புறம் வெகுநாள் வரை அம்மாவின் கை இடுப்பைத் தடவித் தடவி, ஒன்றும் இல்லாமல் திரும்பும். சின்னப் பெண் அற்புதம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளர்ந்து, லாரி ஓட்டும் ஏசுராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் இன்னொரு லைன் வீட்டுக்குத்தான். ஆனால் இந்தமுறை ரைட்டர் கை நீட்டும்வரை அவள் காத்திருக்கவில்லை. மிளகு, கோழி, சீட்டு என்று சேர்த்துச் சேர்த்து மனையும் காப்பித் தோட்டமும் வாங்கி, வீட்டையும் முடித்துவிட்டு, ஆபீசுக்கே போய்ச் சாவியை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்க ரைட்டரய்யா. இனிமேல்ப்பட்டு எங்கையிலிருந்து சாவி வாங்கறவன் பொறந்துதான் வரோணும்."

அந்த வார்த்தையை அவள் காப்பாற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். சேலத்தில் வாங்கிய கதவுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவள் முந்தானை முடிச்சில். மற்ற இரண்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவுக்குள். பீரோ வீட்டுக்குள். சன்னல் அத்தனைக்கும் இரும்புக் கம்பி. "எலி நொழையோணும்னாலும் என்னத்தான் கேக்கோணும்" என்பாள்.

புருசன் ஏசுராஜ் சாவி கேட்டதே கிடையாது. அவள் தோட்டத்திலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டுக் கலாவதியின் மாட்டுக் கொட்டகையில் பேப்பர் படிப்பார். மகன் ஜாபெஸ் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன், இருட்டித்தான் வருவான். மாட்டிக்கொண்டது மருமகள் ஈவ்லின். குப்பனூர்ப் பெண், ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் வேலை. பொழுதோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் கதவு பூட்டியிருக்கும். மாமனாருக்குப் பக்கத்தில் அவளும் ஒரு பலகையைப் போட்டு உட்காருவாள். கல்யாணமான மே மாதத்திலிருந்து இதே கதை.

மார்கழிக் குளிரில் ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து மாட்டோடு மாடாக நின்றாள் ஈவ்லின். மறுநாள் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அத்தை, ஏரிக்குப் பக்கத்துல ஒரு வாடகை ஊடு பாத்திருக்கறமுங்க. கிறிஸ்மஸ் கழிஞ்சதும் போயிக்கறமுங்க."

"ஏங் கண்ணு? இந்த ஊட்டுல என்ன கொறை?"

"ஊட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. வெளியிலதான் நொம்ப நேரம் நிக்கறேன். லைன் ஊட்டுலகூட வேலை இருக்கற வரைக்கும் சாவி குடுப்பாங்களாமுங்க."

அற்புதம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

அன்றைக்குக் காப்பிப் பழம் பறிப்பு. சாக்கைக் கட்டிக்கொள்ளாமல் சேலையை மடியாகக் கட்டிப் பறிப்பதுதான் அவள் வழக்கம். கை பழத்தில் இருந்தாலும் நினைப்பு முழுக்க மருமகள் சொன்ன சொல்லில். நினைப்பு வரும்போதெல்லாம் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. பிடித்துப் பார்ப்பாள், உருட்டுவாள், விடுவாள். அவள் அம்மாவின் கை மாதிரியே. மடி நிறைய நிறைய மூட்டையில் கொட்டினாள். மூட்டைகள் ஜீப்பில் டோமினிக்கின் களத்துக்குப் போயின. அவன் களத்தில்தான் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெசின் இருக்கிறது.

பொழுதோடு வீட்டு வாசலுக்கு வந்து முந்தானையை இழுத்தாள். முடிச்சு இருந்த இடத்தில் கசங்கல்தான் இருந்தது.

கொட்டகையில் மருமகளோடு காத்திருந்த ஏசுராஜ் பேப்பரை மடித்தார். "என்னங்க அம்மணி, எலியைக் கூப்பிடட்டுமா?"

"வாயை மூடுங்க!"

"பூட்டை ஒடச்சுப்போடலாம்."

"என்ற பூட்டை ஒடைக்கறதுக்கு முன்னால என்னை ஒடைங்க" என்றவள், அப்படியே நின்றாள். மடி. மூட்டை. டோமினிக்கின் மெசின். இரும்புச் சாவி போய் மாட்டினால் பல்பரின் செம்புத் தகடு கிழிந்துவிடும். அறுவடை நேரத்தில் மலையில் பாதிப் பேருடைய பழம் அழுகும். "அய்யோ, அவனுக்குப் போனைப் போடு கண்ணு!"

ஈவ்லின் போட்டாள். மெசின் ஓடும் சத்தத்தில் அவன் எங்கே எடுப்பான்? அடுத்த நொடி ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

"ஏறுங்க அத்தை."

"நானா? இதுலயா?"

"நடந்து போனீங்கன்னா நாளைக்குத்தான் போவீங்க. ஏறுங்க!"

ஸ்கூட்டியில் ஏறியே பழக்கமில்லாத அற்புதம், மருமகள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூடுபனிக்குள் போனாள். களத்தில் ஏழெட்டுப் பேர் மூட்டையோடு காத்திருந்தார்கள். எல்லாரும் அவள் வாய்க்குப் பயந்தவர்கள். யார் எதைத் தொலைத்தாலும், "முந்தானை எதுக்குடி இருக்குது?" என்று கேட்டே கொன்றிருக்கிறாள். சும்மா இருந்துவிட்டால் அது யாருடைய சாவி என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அற்புதம் அப்படிப்பட்டவள் இல்லை.

"டோமினிக்கு! மெசினை நிறுத்து! என்ற ஊட்டுச் சாவி பழத்தோட வந்துருச்சு!"

மெசின் நின்றது. அந்தச் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது.

டோமினிக் தலையைச் சொறிந்தான். "ஏனுங்கக்கா, முந்தானை எதுக்குங்க இருக்குது?"

களம் சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள். "சிரிச்சாச்சா? ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தொலைக்கறதுக்கும் சொந்தச் சாவி வேணுமாக்கும்!"

அவள் பழத்தை அப்போதுதான் தண்ணீர்த் தொட்டியில் கொட்டியிருந்தார்கள். சொத்தைப் பழம் மிதக்கும், நல்ல பழம் அடியில் தங்கும், அப்புறம்தான் மெசினுக்குப் போகும். ஈவ்லின் ஓட்டல் சீருடையோடு தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். ஐஸ் மாதிரித் தண்ணீர். ஆனாலும் விடவில்லை. கடைசியில் சிவந்த கையில் சாவி வந்தது.

"இந்தாங்க அத்தை."

நீட்டிய கையை அற்புதம் பார்த்தாள். வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்க, சாமி. போயி ஊட்டைத் தொற."

வாசலில் ஈவ்லின் சாவியை நுழைத்தாள். திரும்பவில்லை. ஏழு மாதமாக அந்த வீட்டு மருமகள். அந்தப் பூட்டை ஒருநாளும் தொட்டதில்லையே. "கதவை உம் பக்கமா இழுத்துப் புடிச்சுத் திருப்பு. அதுக்கும் கொஞ்சம் ராங்கி உண்டு" என்றாள் அற்புதம்.

"ஊட்டுக்காரி மாதிரிங்க" என்றார் ஏசுராஜ்.

உள்ளே போனதும் அற்புதம் பீரோவைத் திறந்து ஒரு சாவியைத் தன் முந்தானையில் முடிந்தாள், இருமுடிச்சாக. இன்னொன்றை ஏசுராஜிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்குங்க? மாடு தேடுமே."

"மாட்டையும் கூட்டிட்டு வாங்க."

வாடகை வீட்டுப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்குக் குப்பனூர்ச் சம்பந்திகள் வந்தபோது அற்புதம் சொன்ன முதல் செய்தி, "எங்கூட்டுல மூணு சாவிங்க. ஒத்தச் சாவியைத் தானே வெச்சுக்கறவன் வாட்ச்மேனுங்க" என்பதுதான். என்னவோ அந்த வீடு கட்டியதே அந்த ஏற்பாட்டோடுதான் என்கிற மாதிரி.

இப்போதெல்லாம் அவள் தோட்டத்திலிருந்து வரும்போது உள்ளே விளக்கு எரிகிறது. முந்தானையில் சாவி கனக்கிறது. ஆனால் எடுக்க மாட்டாள். பஸ் திரும்பும் இடம்வரை கேட்கும்படி கதவைத் தடதடவென்று தட்டுவாள்.

"ஆருங்க?" என்று உள்ளிருந்து ஈவ்லின் குரல் வரும்.

"ஊட்டுக்காரி!" என்பாள் அற்புதம், ஊருக்கே கேட்கிற மாதிரி.