பாய் விட்ட உதை

அடையாறில் பழைய பங்களாவை இடித்துப் பிரித்த மனைகளில் ஒன்று எனக்கு. எதிர்மனை ராயப்பேட்டை பாய்க்கு. தெருவுக்குத் தார் போடுமுன், சாக்கடை மேன்ஹோல் யார் வாசலில் வருவது என்று சண்டை. நான் அவர் சட்டையைக் கிழித்தேன். அவர் என் மூக்கை உடைத்தார்.

"உன் வாசல்லதான்யா தோண்டணும்!" என்று அங்கேயே கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன். மண்ணுக்குள் கரண்ட் கேபிள்! படாரென்று தீப்பொறி, கை கடப்பாரையோடு ஒட்டிக்கொண்டது.

பாய் ரப்பர் செருப்புக் காலால் என் நெஞ்சில் உதைத்தார். பறந்து விழுந்த நான், "ஐயோ, கொலை பண்றான்!" என்று தெருவே அதிரக் கத்தினேன்.

"கத்துறியே, அது போதும் நைனா," என்று மூச்சிரைக்கப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேன்ஹோலை என் வாசலுக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். மழையில் அது பொங்கும்போது ஒரு கை மூக்கைப் பொத்துகிறது; இன்னொரு கை தானாக நெஞ்சைத் தடவுகிறது.