வூட்டுக்குத்தானே

மகளுக்கு முதல் கம்ப்யூட்டர். கையிலிருந்த காசுக்குள் பிராசஸர், மதர்போர்டு, ரேம் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தாகிவிட்டது. கடைசியில் கடைக்காரர், கலர் லைட்டு எரியும் கேபினெட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையைத் தட்டிக் காட்டினார். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி அது, கம்பெனி பேர்கூடத் தெரியவில்லை.

"வூட்டுக்குத்தானே மேடம், இது போதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா சொன்ன அதே வார்த்தை.

இதே விருத்தாசலத்தில், பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை. நல்ல கட்டைகள் வைக்கோல் சுற்றி வெளியூர் போகும். சூளையில் விரிசல் விட்டுக் கழித்தவைதான் எங்கள் மீட்டர் பலகைக்கு வரும். அம்மா முறைத்தால், "வூட்டுக்குத்தான, இது போதும்" என்பார். ஃபியூஸ் போகும்போதெல்லாம் கம்பி கட்டி மாட்டுவது அம்மாதான். ஒரு மழை நாளில், மாட்டும்போதே கட்டை அவள் கையில் பிளந்தது. தோல் கருகிய அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. அவள் விரல்கள் அதன்பிறகு சரியாக மடங்கவில்லை. மறுநாள் அப்பா கொண்டுவந்து மாட்டியதும் விரிசல் கட்டைதான்.

"அந்தக் கலர் லைட்டு கேபினெட்டு வேணாம். சாதா கேபினெட்டு குடுங்க, மிச்சமாகுற காசுல பவர் சப்ளை நல்லதா போடுங்க" என்றேன்.

"வூட்டுக்குத்தானே மேடம்..."

"ஆமாங்க, வூட்டுக்குத்தான். அதனாலதான் நல்லதா கேக்குறேன்."