சின்னவர் குதித்ததாக ஒரு படம்

படத்தில் சட்டைப் பட்டன் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அத்தைக்கு ஆறவே இல்லை. பட்டனும் தப்பாக இருந்திருந்தால், போகட்டும் கழுதை, எல்லாமே புளுகு என்று தண்ணீர் தெளித்துவிட்டு எழுந்து வந்திருப்பாள்.

தெருவில் அவளுக்குப் ‘பாராசூட் அத்தை’ என்று பெயர். தம்பி மகள் அத்தை என்று கூப்பிடப்போய், பால்காரரிலிருந்து தபால்காரர் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வயது எழுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் விமானப் படையின் பாராசூட் கூடத்தில் மடிப்பு வேலை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அந்த மனிதர் நான்கே வருடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது தனிக் கதை. யாராவது அதைக் கிளறினால், “அதை மட்டும் நான் சரியா மடிக்கல, காத்துல போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். வாய் அப்படி. எதையும் கேலி செய்யாமல் இருக்க முடியாது.

கை மட்டும் கேலிக்கு இடம் கொடுக்காது. நாற்பது அடி நீள மேசை. அதன்மேல் துணியை விரித்து, இருபத்து நான்கு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நீவி, இருபத்து நான்கு கயிற்றையும் சிக்கில்லாமல் அடுக்கிப் பைக்குள் இறக்க வேண்டும். விரலில் மோதிரம் கூடாது, நகம் வளரக் கூடாது. தும்மல் வந்தால் மேசையை விட்டு விலகிப் போய்த்தான் தும்ம வேண்டும். கடைசியில் இழுப்பு வளையத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. அட்டையில் தேதி, கையெழுத்து. முப்பத்தொரு வருடத்தில் அவள் மடித்தவற்றில் பதினொன்று நிஜமாகவே வானத்தில் விரிந்தன. பதினொன்றும் ஆளை உயிரோடு தரையில் இறக்கின. இதைச் சொல்லும்போது மட்டும் அத்தை சிரிக்க மாட்டாள்.

அந்தப் பதினொன்றில் முதலாவது நெட்டையருடையது. அப்போது எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. விமானங்களோ அன்றைக்கே அரதப் பழசு. ஆளைத் தானாகத் தூக்கி எறியும் இருக்கை எல்லாம் கிடையாது. விமானிதான் மூடியைத் திறந்து எழுந்து குதிக்க வேண்டும். நெட்டையர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த உயரமான விமானி, இயந்திரம் தீப்பிடித்ததும் குதித்தார். வயலில் இறங்கி, ஒரு லாரியில் ஏறித் திரும்பி வந்தார். மறுநாள் காலையில் பிஸ்கட் டின் ஒன்றோடு மடிப்புக் கூடத்துக்கு வந்து, அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது.

மூன்று வாரம் கழித்து, அவரோடு சேர்ந்தே பறக்கும் ஜோடி விமானிக்கு அதே கதி. அவர் சின்னவர். இருபத்து மூன்று வயது, வலப்பக்கம் வகிடு, முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். அடிபட்ட விமானத்திலிருந்து குதிக்கச் சொல்லி ரேடியோவில் கத்தினார்கள். “வேணாம், கொண்டு வந்துடறேன்” என்றார். ஓடுபாதை வேலியைத் தாண்டும் முன்பே விழுந்துவிட்டார். எரிபொருள் தீர்ந்திருந்ததால் தீப்பிடிக்கவில்லை, ஆனால் ஆள் பிழைக்கவில்லை. அவருடைய பாராசூட் பை, சிவப்பு நூல்கூட அறாமல், மடித்தது மடித்தபடி அத்தையின் மேசைக்குத் திரும்பி வந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் வளையத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இழுத்தாள். பூப்போல விரிந்தது.

அந்த வாரமே அத்தை சின்னவரின் வீட்டுக்குப் போனாள். “உங்க பையன் குதிக்கலம்மா. கடைசி வரைக்கும் விமானத்தை விடல” என்று அவருடைய அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள் என்று சின்னவரின் தங்கை சொல்வாள். தங்கை பிற்பாடு கணக்கு டீச்சராகி, இப்போது ஓய்வும் பெற்றாயிற்று. அன்றிலிருந்து அத்தைக்கும் டீச்சருக்கும் சிநேகிதம்.

இந்தக் கதையைத்தான் படமாக எடுக்கப்போவதாகப் போன வருடம் ஒரு குறுந்தாடிப் பையன் வந்து நின்றான். உதவி இயக்குநராம். நெட்டையர் இப்போது பெரிய பதவியெல்லாம் பார்த்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர். அவர் எழுதிக் கொடுத்த குறிப்பிலிருந்து படமாம். “அத்தை, ஒரு ஆணிகூடத் தப்பா இருக்கக் கூடாதுன்னு எங்க டைரக்டர் சொல்லிட்டார்” என்றான்.

சும்மா சொல்லக் கூடாது, பையன் சொன்னபடியே நடந்துகொண்டான். மேசைக்கு என்ன நிறம், கூடத்து ஜன்னலுக்கு எத்தனை கம்பி, நூல் சிவப்பா அரக்கா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டான். அத்தையாக நடிக்க வந்த பெண்ணுக்கு மூன்று நாள் மடிப்புச் சொல்லிக்கொடுத்தாள். “பஞ்சை வெச்சு அடைச்சாலும் போதும் அத்தை, ஷாட்டுக்குத்தானே” என்று ஒருவன் சொன்னதற்கு, “என் கையால அப்படிச் செய்ய மாட்டேன், போடா” என்று முழுசாக மடித்துக் கையெழுத்தும் போட்டாள். டீச்சரிடம் அவளே ஃபோனில் பேசி, சின்னவரின் பழைய ஃபோட்டோக்களை வாங்கிக் கொடுத்தாள். “நம்பிக் குடும்மா, தங்கமான பசங்க. தலை வகிடு எந்தப் பக்கம்னு கேட்டாங்க பாரு” என்றாள்.

பத்திரிகைக்காரர்களுக்காகப் போட்ட காலைக் காட்சிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். திரையில் முதலில் ‘இது உண்மைச் சம்பவம்’ என்று வந்தது. டீச்சர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடம் வந்தது, மேசை வந்தது, சின்னவர் வந்தார். வலப்பக்க வகிடு, ஏறின பல். “அப்படியே இருக்காருக்கா” என்று டீச்சர் மூக்கை உறிஞ்சினாள்.

முதல் புளுகு அரை மணி நேரத்தில் வந்தது. நெட்டையராக நடித்தவர் விமானத்தில் ஏறும் முன்பு பாராசூட் பையைக் கழற்றி வீசுகிறார். “திரும்பி வர்றவனுக்கு இது எதுக்கு?” என்கிறார். பின்னால் விசில் பறந்தது. அத்தைக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அந்தப் பழைய விமானத்தில் பாராசூட் பைதான் விமானிக்கு மெத்தை. அதற்காகவே இருக்கையில் குழி விட்டிருப்பார்கள். பை இல்லாமல் உட்கார்ந்தால் ஆள் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி உள்ளே போய்விடுவார்.

“எதைப் பாத்து ஓட்டுவான், தன் முழங்காலையா?” என்று அத்தை சத்தமாகவே கேட்டாள். முன்வரிசையில் யாரோ ‘உஷ்’ என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்ததற்குச் சிரிப்பு வரவில்லை. தீப்பிடித்த விமானத்தை நெட்டையர் வானத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து ஓடுபாதையில் இறக்குகிறார். தூ, என்று வந்தது அத்தைக்கு. சரி, ஆள் தன்னைப் பற்றி அண்டப்புளுகு ஆகாசப்புளுகு புளுகிக்கொள்கிறார், தொலையட்டும் என்று பல்லைக் கடித்தாள். அடுத்தது சின்னவரின் முறை. விமானம் அடிபட்டதும் சின்னவர் நடுங்குகிறார். அம்மா அம்மா என்று அழுகிறார். “குதிக்காதே! விமானத்தை விடாதே!” என்று நெட்டையர் ரேடியோவில் கர்ஜிக்கிறார். சின்னவர் கேட்காமல் குதிக்கிறார். பாராசூட் விரியவில்லை. கயிறு சிக்கிக்கொண்டு, திரை முழுக்க அவர் முகம் மெதுவாக விழுந்துகொண்டே இருந்தது.

அதோடு விட்டார்களா? அத்தையாக நடித்த பெண் மண்ணில் விழுந்து, “என் கை தப்பு பண்ணிடுச்சு சார்” என்று கதறுகிறாள். நெட்டையர் அவள் தோளில் கை வைத்து, “தப்பு யாருக்கும் நடக்கும்” என்று மன்னிக்கிறார். மன்னிக்கிறாராம்! பதினொன்றும் விரிந்த கை அது. பட்டனுக்கும் நூலுக்கும் உயிரை விட்டுவிட்டு, இரண்டு மனிதர்களைத் தூக்கி இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கண்றாவி, கண்றாவி. மூன்று நாள் அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை நினைத்து, தன் விரல்களையே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

“அப்போ அன்னைக்கு எங்கம்மாகிட்ட நீங்க சொன்னது?” என்றாள் மெதுவாக. “ஆறுதலுக்குச் சொன்னீங்களாக்கா?”

“ஏம்மா, நானா பொய் சொல்றேன்? இந்தப் பசங்க சொல்றதா நிஜம்?”

“இல்ல, பல்லு, வகிடு, உங்க மேசை, எல்லாம் அவ்வளவு சரியா இருக்கே. அது மட்டும் எப்படித் தப்பா இருக்கும்?” டீச்சர் குரல் உடைந்தது. “அம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான் நீங்க சொல்லியிருப்பீங்க. எனக்குக் கோபமில்லக்கா. ஆனா எங்கம்மா ஊரெல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க.”

“எழுந்திரு” என்றாள் அத்தை.

டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்தாள். குறுந்தாடி சிரித்துக்கொண்டே எதிரே வந்து, “அத்தை, எப்படி?” என்றான்.

“உங்க டைரக்டர் ஆணி ஒண்ணும் தப்பில்லன்னாரே. ஆளையே மாத்திட்டீங்களேடா.”

“அது சார் எழுதிக் கொடுத்ததுதான் அத்தை. நாங்க எதையும் சேர்க்கல. ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தாத்தான் கதை நிக்கும், இல்லையா?”

“யார் காதுல பூ சுத்துற? தள்ளு.”

நெட்டையர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் தடி. கூன் விழுந்து, நெட்டையர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அத்தை நேராகப் போய் நின்றாள்.

“சார், இவங்க யாருன்னு தெரியுதா?”

அவர் டீச்சரைப் பார்த்தார். ஏறின முன்பல் அவளுக்கும் உண்டு. பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“குதிச்சது யாருன்னு இவங்ககிட்ட உங்க வாயால சொல்லுங்க. அது போதும். பேப்பர்ல வேணாம், ஊருக்கு வேணாம்.”

தடியைப் பார்த்தபடியே, “நான்தான் குதிச்சேன்” என்றார். “உங்க அண்ணன் குதிக்கல. பாராசூட் நல்லாத்தான் இருந்தது.”

டீச்சர் மூச்சை விட்டாள். அத்தைக்கு வெற்றி மாதிரி இருந்தது. அந்தச் சூட்டிலேயே கேட்டாள்: “அப்புறம் எதுக்கு சார் இந்த ஈனத்தனம்? செத்த பையன் மேல பழியைப் போட்டுட்டு எப்படிச் சோறு இறங்குது?”

நெட்டையர் நிமிர்ந்தார். “நான் குதிச்ச பிறகு என்னை என்ன சொன்னாங்கன்னு உனக்கு ஞாபகம் இல்லையா? நல்ல விமானத்தை வயல்ல போட்டுட்டு ஓடி வந்தவன். குடைக்காரன். சாப்பாட்டுக் கூடத்துல என் தட்டு மேல ஒரு குடையை விரிச்சு வெச்சாங்க. மூணு வாரம் அப்படி. வீட்டுக்குப் போனப்ப என் பொண்டாட்டிகிட்ட விமானத்தைப் பத்திரமா இறக்கிட்டேன்னு சொன்னேன். பிள்ளைங்ககிட்டயும் அதையே சொன்னேன். ஜோடியில ஒருத்தன் குதிச்சான்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் இறக்கினான்னா இன்னொருத்தன்தானே குதிச்சிருக்கணும்? அப்படியே நாப்பத்தேழு வருஷம் ஓடிடுச்சு.” தடியை அத்தை பக்கம் நீட்டினார். “உங்க கூடத்து ஜன்னல் பக்கமா நடந்து போறப்ப, ‘இன்னைக்கு மழை வருமா சார்’னு ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு. உள்ள எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சீங்க. அது யாரு குரல்?”

அந்த மூன்று வாரத்தை அத்தை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பிஸ்கட் டின் கொண்டுவந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரையே, நாலு பேர் சிரித்தார்கள் என்று தானும் சேர்ந்து சிரித்ததை. தான் மடித்த பாராசூட்டில் இறங்கியதற்காகவே சிரித்ததை. சற்று முன் திரையைப் பார்த்துத் ‘தூ’ என்றது இப்போது தன் முகத்திலேயே வந்து விழுந்தது.

“யாருக்கா அது?” என்றாள் டீச்சர்.

“நான்தான்.”

டீச்சர் தன் கையை உருவிக்கொண்டாள். கணக்குப் போடுகிறவள், ஒன்றுவிடாமல் கேட்டாள். “எங்க அண்ணன் அப்போ பக்கத்துல இருந்தாரா?”

“இருந்தார்மா. சார் கூடத்தான் நடந்து வந்தார்.”

“அவர் என்ன பண்ணார்?”

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டார் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தேழு வருடத்துக்கு முன்பு என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நெட்டையர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிக்கூடத்தில் யாரோ நடிகர் வந்துவிட்டார் போல, ஒரே கூச்சல்.

“சிரிச்சார்” என்றாள் அத்தை. “எங்க எல்லாரையும் விடச் சத்தமா அவர்தான் சிரிச்சார். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அதுக்கப்புறம் அவரால எப்படிம்மா குதிக்க முடியும்?”

டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

“ஆமா” என்றாள். “அது எங்க அண்ணன்தான்.”