தம்பியின் ஊசி, அண்ணனின் கை

பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட அன்று மெய்யநாதன் இரண்டு முறை வரிசையில் நின்றார். முதலில் தனக்காக. பிறகு தலைவகிட்டை மறுபக்கம் மாற்றி வாரிக்கொண்டு, நாகப்பனுக்காக. இரட்டையரில் இவர் ஏழு நிமிஷம் மூத்தவர். ஊசியைக் கண்டால் தம்பிக்குக் கை கால் உதறிவிடும். ஏழு நிமிஷமானாலும் அண்ணன் அண்ணன்தானே.

ஐம்பத்தெட்டு வயதிலும் இந்தக் கூத்து நிற்கவில்லை. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் வட்டாரத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் நாகப்பனுக்கு வருஷா வருஷம் ரத்தச் சோதனை உண்டு. லிட்டில் இந்தியா ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு அண்ணன்தான் ஃபெரி ஏறிப் போய்க் கையை நீட்டுவார். இனிப்புநீர் நோய் இல்லை, ரத்தத்தில் சர்க்கரை சரி என்று தாள் வரும். நாகப்பன் அதைக் கொண்டாட ஜிலேபி வாங்குவார்.

போன வருஷம் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு இரட்டையர்களைத் தேடி வந்தாள் சுபாஷினி.

"பிறக்கும்போது உங்க ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதான் அண்ணே. ஆனா சாப்பாடு, புகை, கவலை எல்லாம் சேந்து அதுமேல குறி போட்டுக்கிட்டே இருக்கும். எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு. வயசாக ஆக உங்க குறி எவ்வளவு மாறியிருக்குன்னு பார்க்கப் போறோம்லா."

மெய்யநாதனுக்குப் பாதி புரிந்தது. ரத்தம் எடுப்பார்கள் என்பது முழுசாகவே புரிந்தது. காலையில் தன் பெயரில் போனார். மத்தியானம் தம்பியின் கண்ணாடி, தம்பியின் அடையாள அட்டை, காலில் ஆறாத புண்ணோடு தம்பி நடக்கும் நொண்டல் எல்லாவற்றோடும் போனார். அந்த நொண்டல் பிரமாதமாக வந்தது என்று அவருக்கே பெருமை.

இரண்டு மாதம் கழித்து சுபாஷினி கடைக்கே வந்துவிட்டாள்.

"மரபணுவை மட்டும் பார்த்திருந்தா உங்களைப் பிடிச்சிருக்கவே முடியாது. ஆனா குறியும் அச்சா ஒண்ணா இருக்கு. முப்பது வருஷம் வெல்டிங் புகையில நின்னவருக்கும் ஏர்கோன் குளிர்ல சேலை விரிச்சவருக்கும் அப்படி வராது. ரெண்டு குழாய்லயும் உங்க ரத்தம்தானே?"

மெய்யநாதன் அசடு வழியச் சிரித்தார்.

"சரி, உங்க தம்பியோட ரத்தத்தை நெசமா எப்ப சோதிச்சாங்க?"

விரல் விட்டு எண்ணப் பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை. தம்பி இளைத்தது, ஓயாமல் தண்ணீர் குடிப்பது, மூன்று மாதமாக ஆறாத அந்தப் புண் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. தன் ஆரோக்கியத்தைத் தம்பி பெயரில் எழுதிக் கொடுத்து அவனை ஏமாற்றியிருக்கிறோம் என்று உறைத்தது.

மறுநாள் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். நாகப்பன் கண்ணை இறுக்க மூடிக் கையை நீட்டினார். நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தியதும் கண் திறந்தார்.

"இவ்வளவுதானா?"

அண்ணனுக்குத் தம்பியை அங்கேயே ஓர் அறை விடவேண்டும் போல இருந்தது. அதற்குள் ரத்தத்தில் சீனி அளவு வந்தது. ஏழுக்குள் இருக்கவேண்டியது இருபத்திரண்டு.

"இன்னும் ஒரு மாசம் போயிருந்தா காலை எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர். "இனிமே தினமும் இன்சுலின். வயித்துல நீங்களே குத்திக்கணும். காட்டுறேன், பாருங்க."

அவர் ஊசியைக் கையில் எடுத்ததும் மெய்யநாதன் பழக்க தோஷத்தில் தன் சட்டையைத் தூக்கினார்.

நாகப்பன் அந்தச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். "விடுண்ணே. இது உன் வயித்துல ஏறினா எனக்குக் கேக்காது."

அவரே ஊசியை வாங்கிக் குத்திக்கொண்டார். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டவர் அண்ணன்.