நாலாம் மாடியில் தகரத் தொட்டி

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் அவளை எல்லோரும் ‘சைரன்’ என்றே கூப்பிடுவார்கள். பழைய தெருக் குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் மற்றவர்களின் குடங்கள் தாமாகப் பின்வாங்கும். அரசாங்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் நாலாம் மாடி வீடு கிடைத்ததும், சுவருக்கு வெள்ளையடிக்கும் அவள் புருஷன் ஒரே ஒரு வரம் கேட்டான்.

“இங்க வாயைத் தொறந்துடாதே, தாயே. யாராவது ஹவுசிங் போர்டு ஆபீஸ்ல புகார் சொன்னா வீட்டைப் புடுங்கிடுவாங்க.”

சமையலறைக்குள்ளேயே சொந்தமாக ஒரு குழாய்! அதற்காக அவள் வாயைத் தைத்துக்கொள்ளவும் தயார்.

ஒருநாள் காலையில் தண்ணீர் நின்றுபோனது. பழைய தெருவில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்: குழாயைத் திறந்து, அடியில் தகரத் தொட்டியை வைத்தாள். அங்கே தண்ணீர் வந்தால் தகரம் சத்தம் போடும். யாராவது ஓடிவந்து மூடுவார்கள், தங்களுக்கும் ரெண்டு குடம் பிடித்துக்கொள்வார்கள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனது மட்டும் அவளுக்கு உறைக்கவேயில்லை.

மாலையில் வந்து பார்த்தால் வீடு குளமாகிக் கிடந்தது. முன்னதாகவே வந்து தன் சாவியால் கதவைத் திறந்த புருஷன் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சேலையைச் செருகுவதற்குள், நனைந்த தலையணையோடு மூன்றாம் மாடிக்காரி வாசலில் நின்றாள்.

“ஏம்மா, இப்பத்தான் வேலை முடிஞ்சு வர்றேன். என் வீடு பூரா உன் தண்ணி!”

சைரன் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வாயில கொழுக்கட்டையா? சுவத்துகிட்ட சண்டை போடவா படியேறி வந்தேன்? பேசாம ஆபீசுக்கே போறேன்!”

ஆபீஸ் என்றதும் சைரனின் தையல் பிரிந்தது.

“போயேன்! தண்ணி நின்னா குழாயைத் தொறந்து வெக்கிறது ஊரு வழக்கம். நீ வெக்கலையா?”

மூன்றாம் மாடிக்காரி தலையணையை நெஞ்சோடு அணைத்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஐயையோ... வெச்சேன் அக்கா. இன்னும் மூடலையே!”

அவள் திரும்புவதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு ஆண் குரல் கிளம்பியது.

“மேல யாரு, என் கட்டிலைப் படகா மிதக்க விட்டது? இப்பவே போறேன் ஆபீசுக்கு!”

மூன்றாம் மாடிக்காரி சைரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சைரன் புருஷனைப் பார்த்தாள். அவன் துணியைப் பிழிந்தபடியே, “ம், பேசு” என்றான்.

அவள் மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலாகக் குனிந்து, கட்டடமே கேட்கக் குரல் கொடுத்தாள்.

“போகும்போது உங்க வீட்டுக் குழாயை மூடிட்டுப் போங்க, அண்ணே!”

கீழே யாரோ தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடும் ஓசை கேட்டது.