ஃப்ளெக்ஸில் கிடைத்த குடியுரிமை

இந்த அமெரிக்க ஊரில் ஒருவன் சாலையோரம் நடந்து போனாலே பதறிவிடுகிறார்கள். சென்ற வாரம் நான் வேலை பார்க்கும் உணவகத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது, வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் காரை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினார். என் கார் பழுதாகிவிட்டதா, உதவிக்குப் போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "நோ போலீஸ். எக்சர்சைஸ்" என்றேன். "குட் ஃபார் யூ!" என்று பாராட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷிதான். ஆனால் நான் கார் ஓட்டுவதை நிறுத்தியது தொப்பையைக் குறைக்க அல்ல. வழியில் மறித்துக் காகிதம் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

செட்டிநாட்டுச் சமையல் மாஸ்டராக முறையான விசாவில்தான் வந்தேன். அதை நீட்டித்துத் தருவதாகச் சொன்ன பழைய முதலாளி, இதோ அதோ என்று இழுத்தடித்துக் கடைசியில் கையை விரித்தார். விசா முடிந்தும் நான் இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி நர்ஸ், அவளிடம் க்ரீன் கார்டு இருக்கிறது. எட்டு வயது மகள் இங்கேயே பிறந்தவள். நான் மட்டும்தான் வீட்டில் கணக்கில் வராத ஆள். மனைவிக்குக் குடியுரிமை கிடைத்தால் எனக்கும் வழி பிறக்கலாம், அதுவரை சத்தம் காட்டாமல் இருங்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நாட்டைவிட்டு வெளியே போனால் பத்து வருஷத்துக்குத் திரும்ப முடியாதாம். அதற்குள் மகள் கல்லூரிக்கே போய்விடுவாள். இங்குள்ள தமிழ்க் கனவான்களோ, பொங்கல் விழாவில் நான் கிண்டிய சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை வாங்கித் தின்றுகொண்டே, "இந்த இல்லீகல் ஆளுங்களாலதான் நமக்கும் கெட்ட பேரு" என்கிறார்கள். கையில் கரண்டி இருந்தும் பொறுத்துக்கொண்டேன்.

சத்தம் காட்டாமல் இருப்பது எங்கள் காரைக்குடிக்குத் தெரியாத வித்தை. அங்கே காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், ஆள் செத்தாலும் ஃப்ளெக்ஸ். என் அண்ணன் தன் மகனின் காதணி விழாவுக்குப் பேருந்து நிலையத்தருகே ஒன்று கட்டினார். சாமிக்கு ஓரத்தில் இடம், கவுன்சிலருக்கு நடுவில். கீழே கறுப்புக் கண்ணாடியோடு நான்: 'அமெரிக்கக் குடிமகன்'. எனக்குப் பின்னால் உணவகத்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. போதாததற்கு அதை ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தார். என் நிலைமை அவருக்குத் தெரியாது. அவரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்றுதான் மறைத்து வைத்திருந்தேன். பயத்தில் உடனே போன் செய்தேன்.

"அண்ணே, என் படத்த எடுத்துருங்க. ஃபேஸ்புக்லயும் வேணாம்."

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "கவுன்சிலர் படத்தவிட ஒன் படம் சின்னதாப் போச்சு, அந்தக் கோவந்தானடா? விடு, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் விழா மண்டப வாசலில் அதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று ஏறியது. இம்முறை கவுன்சிலருக்குச் சமமாக நான். பக்கத்தில், பள்ளியின் பெயர் போட்ட டீஷர்ட்டில் என் மகள். அதுவும் ஃபேஸ்புக்கில் வந்தது. மனைவி பார்த்துவிட்டு அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேறு வழியில்லாமல் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு இங்க பேப்பர் இல்லண்ணே. எவனாச்சும் பாத்துட்டு எழுதிப் போட்டா என்னையப் புடிச்சு அனுப்பிருவாக. புள்ளைய விட்டுட்டு வரணும்."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"இத வேற யார்ட்டயும் சொல்லலையில்ல?" என்றார். "ஒன் மதினி வீட்டுக்காரவுக சீரோட வர்ற நேரம்டா. இப்பப் போயி ஃப்ளெக்ஸ அவுத்தா என்ன ஏதுன்னு கேப்பாக. ஃபேஸ்புக்ல வேணா எடுத்துர்றேன். இது விசேஷம் முடியிற வரைக்கும் இருக்கட்டும்."

என் பிழைப்பு போவதைவிட அவருக்குச் சீர்த்தட்டின் முன்னால் கௌரவம் போவது பெரிதாக இருந்தது. கூடப் பிறந்தவர் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது. இந்த ஃப்ளெக்ஸ் அண்ணனுக்கும் அந்தப் பொங்கல் கனவான்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

விழாவன்று அண்ணன் வீடியோ அழைப்பில் வந்து மண்டப வாசலைக் காட்டினார். என் முகத்துக்குக் கீழே நின்று யார் யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மடியில் இருந்த மகள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மனைவி தயங்கித் தயங்கிப் படித்துச் சொன்னாள்.

"அப்போ அங்க அப்பா சிட்டிசனா?"

மனைவி சட்டென்று போனை மியூட்டில் போட்டாள்.

"அங்க அப்பாவ யாரும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா" என்றேன்.

"அப்போ அப்பாக்கு அதுதான் சேஃப்" என்றாள். சொல்லிவிட்டு என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.