வண்டூர்க் கடலில் கிடக்கும் என் பைலட் லைசென்ஸ்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா போர்ட் பிளேர் பக்கம் வண்டூரில் மீன்பிடிக்கிறவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான். நான் உதவித்தொகையில், தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்ட் போய்ப் படித்து பைலட் லைசென்ஸ் வாங்கினேன். போன மழைக்காலத்தில் ஒரு விமான நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்தது. அசல் லைசென்ஸோடு வந்து சேர எட்டு வாரம் தந்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். லைசென்ஸ் அட்டை இல்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அம்மா அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எழுத்துத் தெரியாத வீட்ல இதை வெச்சது என் தப்பு" என்று கத்தினேன். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை.

ஆறு நாள் தேடினேன். சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் காலை முழங்காலில் நின்று ஒரே ஒரு வரி ஜெபித்தேன். "ஆண்டவரே, அது எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும்."

எழுந்து திரும்பினால் அப்பா நிற்கிறார்.

"மக்களே, தேடாதே. அது கடல்ல கெடக்கு."

தினமும் கடலுக்குப் போகும்போது அந்த அட்டையைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருக்கிறார். நடுக்கடலில் படகை நிறுத்தி, அதிலுள்ள என் படத்தின்மேல் கைவைத்து ஜெபிப்பாராம். "வாசிக்கத் தெரியாது. ஒன் மூஞ்சி தெரியும்லா" என்றார். ஒரு நாள் நங்கூரம் தூக்கக் குனிந்தபோது விழுந்துவிட்டது. என் பேச்சைக் கேட்டபின் வாய் திறக்கப் பயந்திருக்கிறார்.

எங்கே என்றுதான் கேட்டேன். அந்த நிமிஷமே ஆண்டவர் காட்டிவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்து அழுதேன்.

மாற்று லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க, தொலைந்ததாகப் போலீஸ் பதிவு வேண்டும். "பஸ்ல தொலைஞ்சதுன்னு சொல்லிரலாம்ப்பா, நீங்க வர வேண்டாம்" என்றேன்.

"பொய் சொல்லிட்டுத்தான் ஆகாசத்துக்குப் போவியா?" என்றார் அப்பா.

போலீஸ் ஸ்டேஷன் படியே மிதிக்காத மனுஷன், எனக்கு முன்னால் போய் நின்று இந்தியில் சொன்னார். "கல்தி மேரி ஹை, சாப்." தப்பு என்னுடையது என்று. கடலில் விழுந்ததை எந்த ஸ்டேஷன் எல்லை என்று எழுதுவது என்று போலீஸ்காரர் சிரித்தார். மீனுக்கு அதெல்லாம் தெரியாது சாப் என்றார் அப்பா. அவர் சொன்னதையெல்லாம் எழுதி, பெருவிரல் வாங்கிக்கொண்டார்கள்.

போர்ட் பிளேரில் ஒரு கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பினேன். மழைக்கு நெட் விட்டு விட்டு வந்தது. எப்படித் தொலைந்தது என்ற இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பிறகு ஒவ்வொரு நாளும் அப்பாவும் நானும் சேர்ந்து ஜெபித்தோம். கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மாற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. மறு கேள்வி ஒன்றுகூட இல்லை.

இன்று துணை விமானியாகப் பறக்கிறேன். அப்பாவுக்கு என் போட்டோவை லேமினேட் செய்து, கழுத்தில் மாட்டக் கயிறும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போர்ட் பிளேரில் இறங்க வரும்போது கீழே கடல் தெரிந்தால் என் மனசு மண்டியிடும். எனக்கே தெரியாமல் எத்தனை காலை அந்தச் சட்டைப் பைக்குள் நான் கடலுக்குப் போய் வந்திருக்கிறேன்.

நீங்களும் எதையாவது தொலைத்துவிட்டுத் தவித்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். காட்டுவார். யார் வாயால் காட்டுவார் என்று மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டாம். எழுத்துத் தெரியாத வீடு என்று பேசிய வாயால் இதைச் சொல்கிறேன்.